என்னைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தைகள்

அந்த லாட்ஜின் வரவேற்பு மேஜையில் நான் பதினோரு வருடம் நான்கு மாதம் உட்கார்ந்திருந்தேன். திருத்தணி பஸ் நிலையத்திலிருந்து மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது, முப்பத்திரண்டு அறைகள். வருகிறவர்களின் பெயர், ஊர், அடையாள அட்டை எண், வந்த நேரம், போன நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவதும், சாவி கொடுத்து வாங்குவதும், படுக்கை விரிப்பு மாற்றினார்களா, வெந்நீர் வருகிறதா என்று பார்ப்பதும் என் வேலை.

வேலை போனதற்கு யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. முதலாளிக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கட்டடத்தை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். கம்பெனிக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரையும் தங்கள் ஆட்களையும் கொண்டுவந்தார்கள். கடைசி நாளன்று முதலாளி எனக்கு ஒரு வேட்டியும் என் மனைவிக்கு ஒரு புடவையும் தட்டில் வைத்துக் கொடுத்தார். "எங்க வேலை கேட்டாலும் என் நம்பரக் குடுப்பா. உன்னப் பத்தி நான் சொல்றேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள், அது மாதத்தில் பாதி நாள் இருக்கும், பாதி நாள் இருக்காது. ஆகவே எனக்கு வேலை வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். எனக்குத் தெரிந்தது மேஜை வேலை. அந்த வயதில் வேறு ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியாது என்றில்லை, கற்றுக்கொள்ளும்வரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

தினமும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. பெரிதாக ஒன்றும் இருக்காது. எத்தனை மணிக்கு எங்கே போனேன், யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார்கள் என்று எட்டு பத்து வரி. வேலை தேடிய அந்த மூன்று மாதத்துப் பக்கங்களைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போனது ரயில் நிலையத்துப் பக்கம் உள்ள ஒரு லாட்ஜ். மேலாளர் அரை மணி நேரம் பேசினார், என் கையெழுத்தைப் பார்த்தார், "திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சான்றிதழ் கேட்பதில்லை. இதற்குமுன் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள். முதலாளியின் பெயரைச் சொன்னதும், "அவரா, நமக்கு வேண்டியவர்தான்" என்பார்கள். நாம் வெளியே வந்து செருப்பைப் போடுவதற்குள் அவருக்கு போன் போய்விடும். லாட்ஜ், கல்யாண மண்டபம், பாத்திரக் கடை, பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டவர்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் கேட்டுக்கொள்வதில் அவர்களுக்குக் கூச்சமே கிடையாது.

திங்கட்கிழமை போனேன். ஆள் கிடைத்துவிட்டது என்றார் மேலாளர். நான் அதை நம்பினேன்.

இரண்டாவது, திருவாலங்காடு போகும் சாலையில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகம். மாணவர் சேர்க்கைப் பதிவேடு எழுத வேண்டும். புதன்கிழமையன்று, அடுத்த வாரமே சேரலாம் என்றார்கள். சனிக்கிழமை போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்திருப்பதாகச் சொன்னார்கள். அதையும் முக்கால்வாசி நம்பினேன்.

மூன்றாவது ஒரு கல்யாண மண்டபம். அங்கேயும் வரச் சொல்லிவிட்டு, வந்தபின் இல்லை என்றார்கள். ஆனால் அந்த மண்டபத்து மேனேஜருக்கு முகத்துக்கு நேரே பொய் சொல்லிப் பழக்கமில்லை. நான் கொடுத்த விண்ணப்பத் தாளை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து மேஜையில் என் பக்கம் தள்ளினார். பிறகு நாற்காலியை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "இப்ப இருமல் எல்லாம் எப்படிங்க, பரவாயில்லியா?" என்று கேட்டார்.

நான் அவரிடம் இருமலைப் பற்றிப் பேசவே இல்லை.

இங்கே பழையதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு டிபி வந்தது. ஒரு மாதம் விடாத இருமல். அரசு ஆஸ்பத்திரியில் சளி பரிசோதித்தார்கள். ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டேன், முடித்தபின் மறுபடி பரிசோதித்து, ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். என் வீட்டில் இருவருக்குத் தெரியும். வெளியில் தெரிந்தவர் ஒருவர்தான். விடுப்பு கேட்க வேண்டியிருந்ததால் டாக்டர் கடிதத்தை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் படித்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், "போய் ஒடம்பப் பாரு, நாற்காலி எங்கியும் போவாது" என்றார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்து, என்னைப் பற்றி யாரோ ஏதோ சொல்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். என்ன சொல்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை, ஏனென்றால் மனைவியின் தம்பி அங்கே உட்கார்ந்திருந்தார். அரக்கோணத்தில் இருசக்கர வண்டிப் பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். நோய் வந்தது அவருக்குத் தெரியாது.

"யாரு சொல்றாங்கன்னு இப்பவே கண்டுபிடிக்கலாம் பாவா" என்று போனை எடுத்தார். "அந்தப் பெரியவர் நம்பர் அக்கா கிட்ட இருக்கில்ல?"

நான் வேண்டாம் என்றேன். அக்கா நம்பரைச் சொல்லிவிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு, தையல் மெஷின்மேல் வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வணக்கம் சார். சோளிங்கர்லேர்ந்து பேசறேன். புதுசா லாட்ஜ் ஒண்ணு கட்டிகினு இருக்கேன்."

"அப்டியா, ரொம்ப சந்தோசம். எத்தினி ரூம்பு?"

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "நாப்பது சார்."

"நாப்பதா? தண்ணி எப்படி அங்க?"

"தண்ணி... தண்ணி நல்லா இருக்கு சார்."

"இப்ப நல்லாத்தான் இருக்கும். சித்திரையில பாருங்க. எத்தினி அடி போட்டீங்க போரு?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மைத்துனர் எழுநூறு அடி என்றார். முதலாளி ஆயிரம் போட்டிருக்க வேண்டும் என்று ஆரம்பித்து, மோட்டார், குழாய், மாடித் தொட்டி என்று நான்கு நிமிடம் பேசினார். நல்ல மனிதர், யார் லாட்ஜ் கட்டினாலும் அது நன்றாக நடக்க வேண்டும் என்று நினைப்பவர். ஒருவழியாக மைத்துனர் என்னைப் பற்றிக் கேட்டார்.

"அவனா? தங்கம் சார் அவன்" என்றார் முதலாளி. குரலே மாறிவிட்டது. "பதினோரு வருசத்துல ஒரு சாவி தொலைஞ்சதில்ல. இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. அவனுக்கு டிபி வந்துச்சு. டிபி சார். ரத்தம் ரத்தமா துப்புவான். அந்த நெலமையில மாத்திரைய முழுங்கிகினு வேலைக்கு வந்தான், ஒரு நாள் லீவு போடல. அப்படி ஒரு ஆளு உங்களுக்கு எங்க கெடைப்பான், சொல்லுங்க."

மைத்துனர் போனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஹலோ? சார்? லைன்ல இருக்கீங்களா? எல்லார் கிட்டயும் இதத்தான் சார் சொல்றேன். தைரியமா எடுத்துக்கோங்க."

மைத்துனர் நன்றி சொல்லி அணைத்தார். "எனக்கே சொல்லல இல்ல பாவா" என்றார்.

"உனக்குச் சொன்னா நீ உன் பொண்டாட்டி கிட்ட சொல்லுவ" என்றாள் மனைவி.

"ஆங், அது சொல்லுவேன்தான்."

அன்றைய பக்கத்தில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ரத்தம் துப்பியது இல்லை. விடுப்பு பத்தொன்பது நாள். அவர் சொன்ன இரண்டும் தவறு.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு முதலாளி வீட்டுக்குப் போனேன். முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு டிவியின் முன் இருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, காபி கொண்டுவரச் சொன்னார்.

"வேலை கெடைச்சுதா? மூணு பேரு கேட்டாங்க. நேத்து சோளிங்கர்லேர்ந்து வேற ஒருத்தன் கேட்டான். நாலு பேரு கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"நீங்க சொன்னதாலதான் கெடைக்கல" என்றேன். முந்தின இரவு முழுக்க வேறு மாதிரி தொடங்கலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான். சோளிங்கர்க்காரர் யார் என்பதையும் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. புரியவில்லை. "நான் உன்ன பெருமையாத்தானேப்பா சொன்னேன். அவ்ளோ பெரிய நோவுலயும் வேலை செஞ்சான்னு சொன்னேன்."

"கேக்கிறவங்களுக்கு வேலை செஞ்சது காதுல விழாது. நோவு மட்டுந்தான் விழும்."

"சரியாயிடுச்சு இல்ல உனக்கு?"

"ஆயிடுச்சு. அத நீங்க சொல்லல."

அவர் வெந்நீர்ப் பையை நகர்த்தினார். "டிபின்னு சொன்னா இப்பல்லாம் யாருப்பா பயப்படறாங்க?"

மண்டபத்து மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்ததைச் சொன்னேன். அதற்கும் அவர் முகத்தில் பெரிய மாற்றமில்லை. அந்த மேனேஜர் எப்போதுமே பயந்தாங்கொள்ளி என்றார். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

"மொதலாளி, போன் வரும் நம்ம மேஜைக்கு. இன்ன ஊர்லேர்ந்து இன்னார் வந்து தங்கியிருக்காரா, எந்த ரூம்பு, கூட யாருன்னு கேப்பாங்க. நான் சேர்ந்த மொதல் நாளு நீங்க இன்னா சொன்னீங்க?"

"சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். அப்பனே கேட்டாலும், பொண்டாட்டியே கேட்டாலும் சொல்லக் கூடாது. தங்கறவன் நம்மள நம்பி பேரு எழுதறான்."

"நான் அந்த டாக்டர் லெட்டர உங்கள நம்பித்தான் குடுத்தேன்."

காபி வந்தது. அவர் தன் டம்ளரைத் தொடவில்லை. நாங்கள் இருவரும் ஓடாத டிவியைப் பார்ப்பது போல் ஓடும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார், அது அவர் ஒருவரால்தான் முடியும். போனை எடுத்து மண்டபத்து மேனேஜருக்குப் போட்டார். "ஆங், நாந்தான். அந்த டிபி பையன் விசயமா ஒண்ணு சொல்லணும். இப்ப அவனுக்கு சுத்தமா கொணமாயிடுச்சு. நெஞ்சுல ஒண்ணுமே இல்ல. இங்கதான் உக்காந்துகினு இருக்கான், நானே பாக்கறேன்..."

எழுந்து போய் அவர் கையிலிருந்த போனை வாங்கி அணைத்தேன். பதினோரு வருடத்தில் அவர் கையிலிருந்து நான் எதையும் பிடுங்கியதில்லை. அவர் வெறும் கையைக் காதருகே வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"போதும்" என்றேன். "இனிமே யார் கேட்டாலும் மூணு விசயம் சொல்லுங்க. எப்ப சேர்ந்தேன், எப்ப நின்னேன், இன்னா வேலை செஞ்சேன்."

"நல்லவன்னு சொல்லக் கூடாதா?"

"வேலைய பத்தி நல்லதா சொல்லுங்க. ஒடம்ப பத்தி கெட்டதும் வேணாம், நல்லதும் வேணாம்."

வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போயிருந்த கடிதத்தை நீட்டினேன். நான்கு வரி. அவர் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லியேப்பா. இதப் படிச்சுட்டு எவன் வேலை குடுப்பான்?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டு, பழைய முத்திரையைத் தேடி எடுத்து, ஊதி ஊதி நன்றாக அழுத்திக் குத்தினார்.

மூன்று இடங்களும் போனவை போனவைதான். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. காவடி வருகிற நாட்களில் ஊரில் ஒரு அறைகூட மிச்சமிருக்காது, அதற்கு முன்னால் எல்லா லாட்ஜிலும் ஆள் தேடுவார்கள். அது தாண்டினால் தை வரைக்கும் யாரும் தேட மாட்டார்கள். திருப்பதி போகும் சாலையில் ஒரு சின்ன லாட்ஜ், பதினெட்டு அறைகள், ஒரு அம்மா நடத்துகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவரே மேஜையில் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார்.

கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நல்லவரு, வல்லவருன்னு ஒண்ணும் எழுதலியே இதுல?"

"வேலை பார்த்த விவரம் மட்டுந்தாங்க."

"யாரு எழுதினது?"

"நான் எழுதினேன். கையெழுத்து அவரோடது."

"அதான பாத்தேன்" என்றார். "எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடறேன். உக்காருங்க."

என் எதிரிலேயே போன் செய்தார். ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனால் முதலாளி பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

"ஆங், வேலை பார்த்தாரு. பதினோரு வருசம் நாலு மாசம்" என்றார் முதலாளி. என்னை 'அவரு' என்று அவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆளு எப்படிங்க?"

"லெட்டர்ல இருக்குங்கம்மா."

"லெட்டர்ல ஒண்ணும் இல்லீங்களே."

"வேலை சுத்தம்மா. ஒரு சாவி தொலைஞ்சதில்ல."

"லீவு கீவு போடுவாரா? ஒடம்பு கிடம்பு எல்லாம் சரியா இருப்பாரா?"

மறுமுனையில் அவர் தொண்டையை இரண்டு முறை கனைப்பது கேட்டது. அவர் எவ்வளவு சிரமப்பட்டார் என்பது எனக்குத்தான் தெரியும்.

"அத நான் சொல்றதுக்கில்லீங்கம்மா. அவரையே கேட்டுக்கோங்க" என்றார். உடனே வைத்துவிட்டார். பத்து நிமிடத்துக்குக் குறைந்து யாரிடமும் பேசாதவர்.

அந்த அம்மா போனை மேஜைமேல் குப்புறப் போட்டார். "பதினோரு வருசம் வெச்சிருந்தவரு சொல்றதுக்கில்லேன்றாரு. அப்ப என்னமோ இருக்கு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் கேட்டபடியே அவர் நடந்துகொண்டார், சரியாக நடந்துகொண்டார், அதனாலேயே மேஜைமேல் ஏதோ ஒன்று மூடி வைத்தது போல் ஆகிவிட்டது. ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்க்கலாம். அவர் நம்ப மாட்டார். எழுந்து வந்துவிடலாம். ஆடிக் கிருத்திகைக்கு ஐந்து வாரம்.

"டிபி இருந்துச்சுங்க" என்றேன். "மூணு வருசம் முன்னாடி. ஆறு மாசம் மாத்திரை சாப்ட்டேன். முடிச்சபிறகு டெஸ்ட் பண்ணி ஒண்ணுமில்லேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. பத்தொம்பது நாள் லீவு போட்டேன், அப்புறம் வேலைக்கு வரலாம்னு டாக்டர் சொன்னாரு, வந்தேன். காகிதம் எல்லாம் வீட்ல இருக்கு. வேணும்னா கொண்டாந்து காட்டறேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

"நான் குடியோன்னு நெனச்சேன்" என்றார். "போன வருசம் ஒருத்தன வெச்சேன். மத்தியானமே சாவி போர்டுல சாஞ்சுகினு நிப்பான்."

குடிப்பதில்லை என்றேன். கேட்காத ஒன்றுக்குப் பதில் சொன்னது அன்று அது ஒன்றுதான். அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, ஒரு பக்கம் எழுதிக் காட்டச் சொன்னார். பேனா ஒழுகியது. என் பேனாவை எடுத்து எழுதினேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். நான் வாசல் வரை போனபின் கூப்பிட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. குடிக்கிற தண்ணி மட்டும் வீட்லேர்ந்து எடுத்துகினு வந்துடுங்க."

"சரிங்க" என்றேன்.

நோய் போய் இரண்டரை வருடம் ஆகிவிட்டது, தண்ணீரால் அது பரவுவதும் இல்லை என்று அங்கேயே நின்று விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. வேலை கையில் இருந்தது. பஸ்ஸில் வரும்போது கொஞ்ச தூரம் சந்தோஷமாகவும் கொஞ்ச தூரம் வேறு மாதிரியும் இருந்தது.

சாயங்காலம் முதலாளி போன் செய்தார். "கரெக்டா சொன்னனா?"

"கரெக்டா சொன்னீங்க."

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுப்பா. முழுங்கிட்டேன். வேலை?"

"வெள்ளிக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க."

"பாத்தியா" என்றார், மிகவும் சந்தோஷமாக. அவர் வைத்தபின் அங்கே என்ன நடந்தது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. இதுவரை சொல்லவில்லை.

சேர்ந்து இரண்டாவது வாரம், கிருத்திகைக் கூட்டம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, அறைகளைக் கூட்டிப் பெருக்கும் பெண்மணி மேஜையருகே நின்று என் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படிக்குக் கீழே எல்லோருக்கும் தண்ணீர்க் கேன் இருக்கிறது. அதிலிருந்து நான் ஒரு நாளும் குடித்ததில்லை.

"இன்னா சார், எங்க கேன் தண்ணி உங்களுக்கு எறங்காதா? அவ்ளோ பெரிய ஆளா நீங்க?" என்றார்.

உள்ளறையில் அந்த அம்மா இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வாரமாக என் நோயைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்பது அந்தக் கேள்வியிலிருந்து எனக்குத் தெரிந்தது.

"வெந்நீர் குடிச்சுப் பழகிட்டேம்மா" என்றேன்.

"அது சரி. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், மொகத்துல சுடுதண்ணிய ஊத்துன மாதிரியே இருப்பாரு" என்று சொல்லிவிட்டு அவர் பக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் பதினான்காம் எண் அறைக்கு வந்திருந்தவர்களின் வந்த நேரத்தை எழுதினேன். காலை பத்து ஐம்பது.